தட்டின் இடது பக்கம்

சோப்புக் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்தவரின் மனைவி, முப்பத்தொரு வருஷம் திட்டு வாங்கியே காலம் தள்ளியவள். டீயில் சர்க்கரை கூடினால் திட்டு, குறைந்தால் திட்டு, சரியாக இருந்தால் ஏன் ஆறிப்போச்சு என்று திட்டு. அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அதனால் தெருவில் அவளுக்குப் பொறுமைசாலி என்று பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

ஓய்வுபெற்ற நாலாம் மாதம் மனிதர் குளியலறையில் சரிந்தார். பக்கவாதம். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தபோது இடது கையும் இடது காலும் விழுந்திருந்தன. வாய் மட்டும் விழவில்லை.

வந்த அன்றே சாப்பாட்டில் சண்டை. தட்டில் வலது பாதியைச் சுத்தமாக வழித்துத் தின்றுவிட்டு, "பாதி வயித்துக்குத்தான் போடுவியா? படுத்துட்டேன்னு திமிராடி?" என்று கத்தினார். இடது பாதி தொடாமல் அப்படியே இருந்தது. அவள் பயந்துபோய்த் தட்டைத் திருப்பி வைத்தாள். உடனே சாப்பிட்டார். "இப்ப மட்டும் எங்கேருந்து வந்துச்சாம்?"

வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி கொடுக்கும் பிசியோ தம்பி விளக்கினான். "அம்மா, சாருக்குக் கண்ணுல கோளாறு இல்ல. மூளை இடது பக்கத்தையே மறந்துடுச்சு. அந்தப் பக்கம் சத்தம் கேட்டாலும் வலது பக்கம்தான் தேடுவாரு. தட்டைத் திருப்பாதீங்க. அவரே தலையைத் திருப்பித் தேடணும். தண்ணி, கண்ணாடி, போன் எல்லாத்தையும் இடது பக்கம் வைங்க. நீங்களும் அந்தப் பக்கம் நின்னு கூப்பிடுங்க. கோவப்படுவாரு, பாவம் பாக்காதீங்க. முதல் மூணு மாசத்துல எவ்வளவு குணமாகுதோ, பெரும்பாலும் அவ்வளவுதான்."

அவள் சரி என்றாள். அன்றைக்கு நிஜமாகவே செய்யத்தான் நினைத்தாள்.

மறுநாள் காலை இடது பக்கம் உட்கார்ந்து அவர் கையை நீவிக்கொண்டிருந்தாள். அவர் வலது பக்கச் சுவரைப் பார்த்து, "எங்க தொலைஞ்சா இவ?" என்றார். அவளுக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். பிறகு எழுந்துபோய் ஒரு டீ போட்டு வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, சூடாக, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். குடித்து முடித்ததும் அவரைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். ஐம்பத்திநாலு வயதுப் பெண்பிள்ளை! சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மத்தியானம் அவர் பாதித் தட்டை முடித்ததும், அவள் கை தானாகவே போய்த் தட்டைத் திருப்பியது.

அதன்பிறகு எதுவும் தானாக நடக்கவில்லை; தெரிந்தே செய்தாள். கட்டிலை நகர்த்தி, வாசலும் டிவியும் அவருக்கு வலது பக்கம் வரும்படி போட்டாள். தண்ணீர், கண்ணாடி, போன் எல்லாம் வலது பக்கம். அவர் கழுத்து அசைவதற்கு முன்பே கேட்டது கைக்கு வந்தது. இடது பக்க நாற்காலி அவளுடையது. அங்கே உட்கார்ந்து வாரப்பத்திரிகை படித்தாள், நிம்மதியாகச் சாப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பிளந்தாள்: "உள்ளங்கையில வச்சுத் தாங்குறியே, அவரு குடுத்து வச்சவரு!" ஒரு மனிதனை அடியோடு முடக்குவதற்கு இவ்வளவு உபசாரம் வேறெந்த வீட்டிலும் நடந்திருக்காது.

பிசியோ தம்பி வரும் நாளில் மட்டும் சாமான்கள் இடம் மாறும். "பயிற்சி குடுத்தீங்களாம்மா?" "குடுத்தேன் தம்பி." அவன் காகிதத்தில் வட்டம் போட்டுக் கடிகாரம் வரையச் சொல்வான். பன்னிரண்டு எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கி எழுதுவார். முதல் வாரமும் அப்படித்தான், பன்னிரண்டாவது வாரமும் அப்படித்தான்.

பன்னிரண்டாவது வாரம் அந்தக் காகிதத்தை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "மன்னிச்சுக்குங்க சார். எங்கயோ தப்பு பண்ணிட்டேன். உங்களுக்கு இதைவிட நல்லா வந்திருக்கணும். இனிமே பெருசா எதிர்பார்க்க முடியாது."

சூப்பர்வைசர் திட்டவில்லை. "விடுப்பா. உன்னால ஆனதை நீ செஞ்ச. இவ இருக்கா எனக்கு. ஒரு தடவைகூட என்னைத் தலையைத் திருப்ப விட்டதில்ல, தெரியுமா? தட்டைக்கூட இவதான் திருப்பி வைப்பா. நான்தான் பாவி. இவளை மனுஷியாவே நடத்தல."

பிசியோ தம்பி மெதுவாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"சொன்னேனேம்மா," என்றான்.

"சொன்னீங்க தம்பி."

அவன் பையை எடுத்துக்கொண்டு போனான். அவள் அவருக்கு இடது பக்கம், வழக்கமான நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். முப்பத்தொரு வருஷமாக ஏங்கியது இப்போதுதான் அவர் வாயிலிருந்து வந்திருக்கிறது. அதைக் கேட்க அவளுக்கு யோக்கியதை இல்லாமல் போய்விட்டது. எவ்வளவு பல்லைக் கடித்தும் அழுகை பீறிட்டது.

அவர் வலது பக்கம், திறந்திருந்த வாசலைப் பார்த்துக் காதைக் கொடுத்தார்.

"யாரோ அழறாங்க பாரு. என்னன்னு போய்க் கேளேம்மா, பாவம்."

"பக்கத்து வீட்டுலங்க," என்றாள் அவள்.