மேட்டில் புதைத்த கடைமணி

2018 ஜனவரி 17, காணும் பொங்கலுக்கு மறுநாள், தங்கராசு மஸ்கட்டுக்குப் புறப்பட்டான். கிள்ளைக்குக் கிழக்கே சுரபுன்னைக் காட்டில் சுற்றுலாப் படகு ஓட்டும் அவன் அப்பா சுப்பராயலுதான் குப்பத்திலிருந்து துறைக்கு அவனை ஏற்றிவந்தார்.

வழியில் ஒரு மேடு. பழங்காலப் பானை ஓடுகளும் கல்மணிகளும் அதன் சேற்றில் கிடக்கும். அதைக் கடக்கும்போது படகுக்காரர்கள் துடுப்பைத் தூக்கிவிடுவார்கள். படகு சத்தமில்லாமல் தானாகப் போகவேண்டும். அங்கிருந்து எதையும் எடுக்கக்கூடாது. தங்கராசு எட்டி ஒரு சிவப்பு மணியைப் பொறுக்கினான்.

“போடுடா. அது அவுங்களோடது.”

“அவுங்க செத்து ரெண்டாயிரம் வருசம் ஆச்சுப்பா. கேட்டா மஸ்கட்ல இருக்கேன்னு சொல்லு.”

எட்டு மாதம் போனில் பேசினான். பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை. வேலை பார்த்த இடத்தில் கேட்டால், சொல்லாமல் போய்விட்டான் என்றார்கள்.

மேடுதான் மகனைப் பிடித்துவைத்திருக்கிறது என்று சுப்பராயலு நம்பினார். சிதம்பரம் மேலவீதியில் ஒரு கடையில் அதேபோலச் சிவப்பு மணி வாங்கி, மேட்டில் முழங்கை ஆழத்துக்குப் புதைத்தார். அடுத்த கோடையில் தொல்லியல் ஆட்கள் அங்கே குழி வெட்டினார்கள். அந்தப் புதுக் கடைமணி கிடைத்ததும், யாரோ கலைத்த இடம் என்று குழியையே மூடிவிட்டார்கள்.

“மணியையும் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போய்ட்டாங்கம்மா. நான் குடுத்த ஈடும் போச்சு.”

இதை அவர் என்னிடம் சொன்னது போன மாதம். பல வருடம் வெளிநாடுகளில் அலைந்துவிட்டுக் கடலூர் திரும்பியவள் நான். வீட்டில் இருப்புக்கொள்ளாமல் வாரம் இரண்டு தடவை அவர் படகில் ஏறிவிடுவேன்.

“அங்கேர்ந்து வீட்டுக்கு போன் பண்ணுவியா?”

“எப்பவாவது.”

“பண்ணாத நாள்லயும் உயிரோடதானே இருந்த?”

தலையாட்டினேன். மேடு வந்தது. அவர் துடுப்பைத் தூக்கினார். அந்த அமைதியில் என் காலடிப் பலகைக்குக் கீழே சின்னதாக ஏதோ உருண்டது.

“நண்டா இருக்கும். ரொம்ப நாளா சத்தம் கேக்குது,” என்றார்.

நேற்று துறையில் இறங்கியதும் போனை நீட்டினார். “கண்ணாடி கொண்டாரல. புது நம்பர்லேர்ந்து மெசேஜ் வந்திருக்கு. படிச்சுச் சொல்லும்மா.”

“அப்பா, நான் தங்கராசு. பேச முடியாத எடத்துல இருந்தேன். அந்த மணிய நான் கொண்டுபோகல. பயந்துபோய் அன்னைக்கே நம்ம படகுல, அடிப்பலகைக்குக் கீழ போட்டுட்டேன். எடுத்து மேட்டுலயே வச்சிடு. வச்சதும் சொல்லு, கெளம்பறேன்.”