மறியலுக்குள் போன குட்டி ஜீப்

வெள்ளிமலைப் பாறைகளில் ஓட்டிப் பார்க்கலாம் என்று, என் ரிமோட் ஜீப்பின் தலையில் சின்ன கேமராவை சைக்கிள் டியூப் ரப்பரால் கட்டிக்கொண்டு இன்று கிளம்பினேன்.

கள்ளக்குறிச்சி தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. முன்னால் இடஒதுக்கீடு கேட்டு மறியல்.

சும்மா இருப்பேனா? ஜீப்பை இறக்கி, முன்னால் நின்ற பஸ்களுக்கு அடியில் மறியல் வரை ஓட்டினேன். அது பார்ப்பதெல்லாம் என் போனில் தெரிந்தது. பாதி பஸ் என் தோளில் சாய்ந்துகொண்டது.

"தம்பி, நிறுத்துங்க!" பக்கத்து சீட்டு அக்கா கத்தினார். "மொத வரிசைல எங்க வூட்டுக்காரரு! கரும்புக்குத் தண்ணி பாய்ச்சிக்கினு இருக்கேன்னு இப்பதானே போன்ல சொன்னாரு!"

ஜீப்பைத் திருப்பி வரவழைத்தார். பையிலிருந்து சுகர் மாத்திரை அட்டையை எடுத்து ரப்பரில் செருகினார்.

"காலைல போடாமயே பூட்டாரு. இத்த அவருகிட்ட வுடுங்க."

ஜீப் மறுபடி போய் அவர் முன்னால் நின்றது. கோஷம் போட்டுக்கொண்டிருந்தவர் மாத்திரையைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். மெதுவாக எழுந்து, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, கேமராவுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

எங்கள் பஸ்ஸே கைதட்டியது.

நாளை ஜீப்பைக் கரும்பு வயலுக்கு அனுப்பி, ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார் அக்கா. போகட்டுமா? கல்யாணமான அண்ணன்கள் மட்டும் பதில் சொல்லவும்.