அளவுக்காரியும் மூன்று ஜோடி அரிசிப் பையும்

உள்ளாடைக் கடையில் பெண்களுக்கு அளவெடுப்பது அவள் வேலை. பதினாறு வருஷமாக அதே கடை, அதே திரை போட்ட அறை, கழுத்தில் அதே டேப். எல்லாருக்கும் அவள் அளவுக்காரி. அந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு: அளவை வாயால் சொல்லக்கூடாது. சீட்டில் எழுதி, வந்தவளுக்கு மட்டும் காட்டி, அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். திரைக்கு வெளியே மாமியார் நிற்பாள், தோழி நிற்பாள். எண் அவர்கள் காதில் விழுந்தால் அந்தப் பெண் மறுபடி கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள்.

உண்மையைச் சொன்னால் டேப்பே அவளுக்குத் தேவையில்லை. ஒரு பார்வை போதும். தெருவில் போகிறவர், வீட்டில் இருக்கிறவர் எல்லாருடைய எண்ணும் தெரியும். கிணற்றில் போட்ட கல் மாதிரி அத்தனையும் உள்ளேயே கிடக்கும்.

அவளுக்கு அந்த மரியாதையை வீட்டில் யாரும் கொடுக்கவில்லை. அவளுக்கு மார்பு சின்னது. மாமியார் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டே பல வருஷம் ஆகிறது.

"பலகை, அந்தத் தட்டை எடு."

புருஷனுக்கு டயர் கடையில் வேலை. "கடைக்கு வாடி, காத்து அடிச்சு விடறேன்" என்பான். கூடவே இருக்கிற நாத்தனார் புரையேறும்வரை சிரிப்பாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஊர் பாவம், என்ன செய்தது? வாயெல்லாம் வீட்டுக்குள்தான் இருந்தது.

அப்புறம் அவன் சுவர் பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தான். ஒருநாள் சொன்னான்: "இப்பல்லாம் ஆபரேஷன் இருக்காம். பண்ணிக்கோ. பண்ணலைன்னா, நான் வேற வழி பாத்துக்கிட்டேன்னு பின்னால அழக்கூடாது."

பயந்துதான் டாக்டரம்மாவிடம் போனாள். ஆனால் பொய் சொல்லக்கூடாது, அவளுக்கும் ஆசை இருந்தது. கடையில் பூவேலை செய்த வெளிர்மஞ்சள் பாடி ஒன்று இருந்தது. வருகிறவளுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவாள். தனக்கு ஒருநாளும் மாட்டிப் பார்த்ததில்லை.

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு சொன்னார்: "மூணு அளவு சொல்றேன். துணிப் பை தைச்சு, இந்தக் கப்பால அரிசி அளந்து போட்டு, உள்ளே வெச்சுக்கிட்டு நடமாடுங்க. குனிங்க, படி ஏறுங்க. பதினஞ்சு நாள் கழிச்சு எதுன்னு நீங்க வந்து சொல்லணும். வீட்டுக்காரர் இல்ல, நீங்க. சுமக்கப்போறது உங்க முதுகு. ஒரு கத்தியோட முடியற விஷயமும் இல்ல, பின்னால மாத்த வேண்டிவரும்."

மூன்று ஜோடி தைத்தாள். சின்ன ஜோடியை வைத்து, கடையில் கேட்டு எடுத்துவந்த வெளிர்மஞ்சளை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்றாள். பிடித்திருந்தது. அவள் அவளாகவே இருந்தாள், கொஞ்சம் கூடுதலாக.

"இதுக்கு எதுக்குடி கத்தி? கொசு கடிச்சாலே இவ்வளவு வீங்கும்" என்றான் புருஷன். பெரிய ஜோடியை எடுத்து இரண்டு கையிலும் தூக்கிப் போட்டுப் பிடித்தான். "இதுதான்."

பெரிசையே மாட்டினாள். தோளில் வார் பதிந்து சிவந்தது. அளவெடுக்கக் குனிந்தால் நிமிர முடியவில்லை. ஆனால் அவன் மாறிப்போனான். அவள் பக்கம் திரும்பிப் படுத்தான். "சாப்பிட்டியா?" என்று கேட்டான். அந்த ஒரு வார்த்தைக்குப் பத்து நாள் வலியைத் தாங்கினாள், பைத்தியக்காரி.

பதினொன்றாம் நாள் பையைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தால் அவன் அந்த இரண்டு பையையும் அணைத்தபடி படுத்திருக்கிறான். அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான்.

"முதல்ல இதை மாட்டிட்டு வா. வெறுமனே உன்னைப் பார்த்தா எனக்குப் பேச்சே வரல."

மாட்டினாள். ஆனால் அந்தப் பத்து நாளும் அவன் விசாரித்தது யாரை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அரிசியை.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். புழுக்கத்தில் அவன் சட்டையில்லாமல் இருந்தான்.

"நாளைக்குப் பெரிசுன்னு சொல்லிட்டு வந்துடுவா" என்றான் அம்மாவிடம்.

"பலகைக்குப் பூச்சு வேலை" என்றாள் மாமியார்.

"அண்ணி, அந்த அரிசியைத் தப்பித்தவறி உலையில போட்டுடாதீங்க" என்றாள் நாத்தனார்.

அவள் எழுந்தாள். கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, அவனுக்குப் பின்னால் போய், அவன் அக்குளுக்குள் விட்டாள். ஏதோ கொஞ்சல் என்று நினைத்து அவன் கையைத் தூக்கிக் கொடுத்தான். கடையில் எடுப்பது போலவே இரண்டு தடவை எடுத்தாள். கீழே ஒன்று, மேலே ஒன்று.

பதினாறு வருஷத்தில் முதல்முறையாக அளவை வாயால் சொன்னாள்.

"கீழே நாப்பது. மேலே நாப்பத்திமூணு. சி கப், மூணாவது அலமாரி. இந்த வீட்லயே பெரிசு உங்க பிள்ளையோடதுதான் அத்தை. ரொம்ப நாளாத் தெரியும், சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்."

அவன் கையிலிருந்த கவளம் வாய்க்குப் போகவில்லை.

"என்னங்க, டாக்டரம்மாகிட்ட உங்களுக்குக் கேட்டு வரட்டுங்களா? குறைக்கிற ஆபரேஷனும் செய்வாங்களாம்."

நாத்தனாருக்குப் புரையேறியது. அவளுக்கு யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்ற கணக்கெல்லாம் கிடையாது, சிரிப்பு வந்தால் போதும். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியதை மறைக்க முடியவில்லை. அவன் எழுந்து போய், அந்தப் புழுக்கத்திலும் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு வந்தான்.

மறுநாள் டாக்டரம்மாவிடம், "எதுவும் வேண்டாம்மா" என்றாள். வீட்டுக்கு வந்து மூன்று ஜோடிப் பையையும் பிரித்து, அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். எந்த அரிசி என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வெளிர்மஞ்சளை அவளே வாங்கிக்கொண்டாள். கப்பைப் பிரித்துத் தன் அளவுக்குப் பிடித்துத் தைத்தாள். புருஷன் சுவர் பக்கமே திரும்பிப் படுக்கிறான், சட்டையோடு. மாமியார் இப்போது பலகை என்பதில்லை, எப்படியும் கூப்பிடுவதில்லை. நாத்தனார் மட்டும், "அண்ணே, மூணாவது அலமாரி" என்று ஆரம்பித்து, அவன் முறைத்தால் நிறுத்துவாள்.

"வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதடி" என்று ஒருதரம் கேட்டான். அவள் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.

வேலை முடிந்து வந்து அவள் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தால், அவன் கை தானாக நெஞ்சை மறைக்கும். அவள் அவசரப்படமாட்டாள். மெதுவாகத்தான் சுருட்டி வைப்பாள்.