குதிரையின் வயிற்றில் அரிசி தேடியவர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் போய்வந்தேன். அவசரகாலம் வந்தபின் அங்கே திருவிழாவுக்கு அனுமதியே இல்லை. இந்த வருஷம்தான், அதுவும் மாலை நாலு மணிக்குள் முடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என் மனைவியின் அண்ணன் சின்னப்பன் மச்சான் பொய்க்கால் குதிரை ஆடுபவர். லோரியில் அடிபட்டுக் கிடந்தபோது, மறுபடி கட்டைக்கால் ஏறினால் முதல் ஆட்டம் அந்த அம்மனுக்குத்தான் என்று நேர்ந்துகொண்டார். குதிரையைத் தூக்கிவர ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆள் நான்.

கிள்ளானில் காலை ஏழு மணி பஸ். காப்பார், ஜெராம் வழியாகக் கோலசிலாங்கூர் ஏறக்குறைய இருபத்தேழு மைல். வழியில் இரண்டு இடத்தில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். குதிரை பஸ்ஸின் கூரையில் வந்தது. மூங்கில் கூடு, அதன்மேல் சாக்கு, அதன்மேல் வண்ணக் காகிதம், எல்லாம் மச்சானின் கைவேலை. வெயிலிலும் குலுக்கலிலும் காகிதம் கிளம்பிவிடும் என்று ஒரு டின்னில் மைதாப் பசையும் கிண்டி எடுத்து வந்திருந்தார். கோலசிலாங்கூரிலிருந்து ஒரு லோரிக்காரர் கம்போங் குவாந்தான் தாண்டித் தோட்டத்து வாசலில் இறக்கிவிட்டார்.

வாசல் என்றா சொன்னேன்? முள்கம்பி வேலி, துப்பாக்கி, காவல் மேடை. உழைத்துச் சாப்பிடுகிற ஜனங்களை ஆடுமாடு போல அடைத்து வைத்திருக்கிறார்கள். காவலுக்கு நின்ற ஸ்பெஷல் போலீஸ்காரன் நம் ஆள்தான். அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

"டின்னுல என்னா?"

"பசைங்க. மைதா மாவுல கிண்டுனது," என்றார் மச்சான்.

"மாவுன்னா சாப்பாட்டுச் சாமான். பெர்மிட் இல்லாம விட முடியாது லா."

டின்னைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தான். அதோடு விட்டானா? காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் குதிரைக்குள் அரிசி கடத்துகிறோமாம்! கத்தியை எடுத்துக் கழுத்திலிருந்து வால்வரைக்கும் ஒரே கிழி. சாக்குக்கு அடியில் திணித்திருந்த வைக்கோல் கொட்டியது. ஒரு மணி அரிசி இல்லை.

"கண்ணு தெரியலையா உனக்கு? இது சாமிக்கு ஆடுற குதிரைய்யா!" என்று கத்திவிட்டேன்.

மச்சான் என் கையைக் கிள்ளினார். "வாய மூடுங்க மாப்ள. நம்மளப் புடிச்சி உள்ள போட்டுட்டா யாரு ஆடுறது?"

உள்ளே கோயில் முன்னால் கிழிந்த குதிரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சாக்கைத் தைத்துவிட்டோம். காகிதத்தை எப்படித் தைப்பது? ஊசி பட்ட இடமெல்லாம் பிய்ந்தது. லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், பசைக்கு மாவு கேட்கலாம் என்றால், எந்த வீட்டிலும் மாவு கிடையாது, அரிசியும் கிடையாது. காட்டுக்குப் போய்விடும் என்று பொதுச் சமையல்கட்டில் ஆக்கி, தலைக்கு இவ்வளவு என்று சோறாகத்தான் கொடுக்கிறார்கள். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. மச்சான் கிழிந்த காகிதத்தை நீவி நீவிப் பார்த்தார். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

அப்போது மதியச் சோறு வாங்கித் திரும்பிய ஒரு பெண் நின்று பார்த்தார். முனியம்மா என்று பெயர். தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்து மசித்தார்.

"இது ஒட்டாதா தம்பி?"

"வேணாங்க்கா, சாப்புடுற சோறு," என்று பதறினார் மச்சான்.

"ஒரு வேள கொறைஞ்சா செத்தா போயிடுவோம்? இந்த லயத்துல கொட்டுச் சத்தம் கேட்டு எத்தன வருசமாச்சி! நீ ஆடு."

அவரைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர், அப்புறம் அதற்கடுத்தவர். ஆளாளுக்குத் தட்டோடு வந்து உட்கார்ந்து, பருக்கையை மசித்து மசித்துக் காகிதத்தை ஒட்டினார்கள். காகிதம் போதாத இடத்தில் பழைய காலண்டர் தாள். இரண்டரை மணிக்கு மச்சான் கட்டைக்கால் ஏறினார். அடிபட்ட கால் முதலில் நடுங்கியது. தப்புச் சத்தம் ஏற ஏற நடுக்கம் நின்றுவிட்டது. அப்படி ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல என்ன வெட்கம்.

நாலு மணிக்குத் திரும்பும்போது வாசலில் அதே ஆள். இந்த முறை வெளியே அரிசி போகிறதா என்று பார்க்கவேண்டுமாம். குதிரையின் கழுத்தைத் தடவினான், வயிற்றைத் தட்டினான், கூட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல. போங்க."

"நல்லாப் பாத்துக்கங்க தம்பி," என்றார் மச்சான்.

ரோட்டுக்கு வந்ததும் இரண்டு பேரும் சிரித்தோம். கொஞ்ச தூரத்தில் எனக்குச் சிரிப்பு நின்று, பழைய கோபமே திரும்பி வந்தது.

போக நினைப்பவர்களுக்கு: அடையாள அட்டையை மறக்காதீர்கள். ஊரடங்குக்கு முன் கிள்ளான் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். மாவு, அரிசி, பிஸ்கட் எதுவும் எடுத்துப் போகாதீர்கள். கோலசிலாங்கூரிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள். உள்ளே போனால் "சாப்டுங்க" என்று தட்டை நீட்டுவார்கள். கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். அவர்களுக்கு அந்த வேளைக்கு அந்தத் தட்டு ஒன்றுதான்.