துணைக்கு ஒரு டம்ளர் பார்லி

மூன்றாம் வகுப்பு படிக்கையில், வெயில் ஏறத் தொடங்கிய நாட்களில், எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. அதற்குப் பெயர் தமிழிலும் தெரியவில்லை, இந்தியிலும் தெரியவில்லை. ஆகவே வயிற்றுவலி என்றேன். அம்மா ஓமத்தை வறுத்துக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். ஓமம்தான் பாவம், என்ன செய்யும்?

காரணம் எனக்குத் தெரியும். பள்ளிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வெளியே ஒருத்தி பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்காகப் பிடித்தவள் பாதியில் விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடிப்போனாள். அதன்பின் பள்ளியில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன். பாட்டில் தண்ணீரை மைதானத்து வேப்பமரம் குடித்தது. காலிப் பாட்டிலைக் கண்டு அம்மா சமத்து என்று மெச்சினாள்.

காய்ச்சல் வந்து, பாத்ரூமிலிருந்து அழுதபடி வெளியே வந்த அன்று எல்லாம் தெரிந்துபோயிற்று. அத்தைதான் டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனாள். அப்பாவின் தங்கை, தலைநகரத்து லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸிலேயே தங்கி, ஒரு சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தாள். டாக்டரம்மா பஞ்சாபிக்காரர். சிறுநீரைச் சோதித்து மாத்திரை எழுதியவர், சாப்பாட்டைப் பற்றி வெகுநேரம் பேசினார். தண்ணீர், பார்லி, மோர் எல்லாம் நிறையக் குடிக்கலாம். மிளகாய், ஊறுகாய், டீ கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வந்தால் அடக்கக் கூடாது.

“ரோக்னா நஹீ, பேட்டி,” அடக்காதே மகளே என்று என் கன்னத்தைத் தட்டினார். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வந்த நாட்கள் ஒரே நீண்ட மத்தியானம்போல நினைவில் இருக்கின்றன. ஜன்னலில் நனைத்துத் தொங்கவிட்ட வெட்டிவேர்த் தட்டியிலிருந்து மழை மண் வாசனை வந்தது. கூடத்து வாளித் தண்ணீரில் விழுந்த வெயில், கூரையில் மீன் குஞ்சுகளாக நீந்தியது. காய்ச்சலில் கட்டிலும் மெல்ல மிதந்தது. அடுக்களையில் பார்லி கொதிக்கும் சத்தம், எங்கோ தொலைவில் யாரோ பேசிக்கொண்டிருப்பது போலிருந்தது. வெள்ளரிப் பிஞ்சு, சுரைக்காய்க் கூட்டு, குழைந்த மோர்ச்சோறு என எல்லாமே வெளுப்பாக, ருசியில்லாமல், கனவில் சாப்பிடுவதுபோல இறங்கின. அப்பாவின் தட்டிலிருந்த எலுமிச்சை ஊறுகாய் மட்டுமே உலகத்தில் நிறமுள்ள பொருளாகத் தெரிந்தது.

அத்தை லீவு போட்டு என்னோடு இருந்தாள். பார்லித் தண்ணீரைக் கண்டு நான் முகத்தைத் திருப்பியபோது, தனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டாள்.

“ஏட்டி, இங்க பாரு. ஒனக்குத் துணைக்கு நானும் குடிக்கேன். யாரு முதல்ல முடிக்கான்னு பாப்பமா?”

அவள்தான் எப்போதும் ஜெயித்தாள். என் சுரைக்காயையே அவளும் சாப்பிட்டாள். காலையில் டீ இல்லாமல் கண் திறக்காதவள், டீயையும் விட்டாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

“பிள்ளைக்குத்தான் பத்தியம். ஒனக்கு என்னத்துக்கு?”

“இருக்கட்டும் மைனி. பிள்ளை ஏங்கிரக் கூடாதுல்லா.”

சில சமயம் அத்தை பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் இருப்பாள். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும். கேட்டால் சோப்பு பட்டுவிட்டது என்பாள். சோப்பு பொல்லாதது என்று நானும் நம்பினேன்.

மறுபடி டிஸ்பென்சரிக்குப் போனோம். எனக்குத் தேவலையாகியிருந்தது. சமர்த்தாகப் பார்லி குடித்தாயா என்று டாக்டரம்மா கேட்டதும், எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் மட்டுமல்ல, அத்தையும் குடிக்கிறாள், டீகூட விட்டுவிட்டாள், என்னைவிட அதிக நேரம் பாத்ரூமில் இருக்கிறாள் என்று இந்தியில் ஒப்பித்தேன். அத்தை என் தோளைக் கிள்ளினாள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, அவளையே பார்த்தார்.

“கப் ஸே?” எப்போதிருந்து என்று மெதுவாகக் கேட்டார்.

பிறகு அத்தையைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போனார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அத்தையின் மூக்கு சிவந்திருந்தது. கையில் அவளுக்கும் மாத்திரை. இங்கே யார் சோப்பு வைத்திருந்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஓடினேன். “அம்மா, அத்தை எனக்குத் துணைக்கு மாத்திரையும் சாப்பிடப் போறா!”

சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அத்தையைப் பார்த்தாள்.

“கோட்டிக்காரி, எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?”

“வரன் பாக்குற நேரத்துல சீக்குன்னு பேராகிரும் மைனி. அண்ணங்கிட்ட சொல்லிராதீங்க.”

அம்மா கையைக் கழுவிவிட்டுப் பரணிலிருந்து பெரிய பாத்திரத்தை இறக்கினாள். அன்றிலிருந்து அத்தைக்கும் முறையான பத்தியம். கொஞ்ச நாளில் பாத்ரூம் குழாய் வீணாக ஓடுவதும் நின்றது.

பின்னாளில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, மேலதிகாரி எப்படி, எந்த பஸ் என்றெல்லாம் வீட்டில் விசாரித்தார்கள். அத்தை மட்டும் என்னைத் தனியே அழைத்து, “அங்க பாத்ரூம் எங்கட்டி இருக்கு? பொம்பளைகளுக்குத் தனியாவா?” என்று கேட்டாள். அவள் ஆபீசில் அது வேறு கட்டிடத்தில் இருந்ததாம். ஆண்கள் டீ குடிக்கும் வராந்தாவைத் தாண்டித்தான் போக வேண்டுமாம். காலையில் வீட்டை விட்டால் மாலை வரை சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாளாம்.

மூன்றாம் வகுப்பில் எனக்கு இதெல்லாம் தெரியாது. மாத்திரை வாங்கிவந்த அன்று அவள் மடியில் தலைவைத்துப் படுத்தபடி, நான் நன்றாகக் குணமானாலும் கொஞ்ச நாள் சொல்லாமல் இருக்கலாமா என்று யோசித்தேன். எனக்கு மாத்திரை நின்றுவிட்டால், பாவம், அத்தை யாருக்குத் துணையாக மாத்திரை சாப்பிடுவாள்?