வடையைத் தவிர ஐந்து பொருள்

தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று எங்கள் டீக்கடைக்குள் நுழைந்து, எனக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாழைத்தார் நசுங்கியது, அவ்வளவுதான். வாழைத்தாருக்காக யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு, வெளியே லாரி பிரேக் 'புஸ்' என்றால் போதும், நான் இருக்க மாட்டேன். கண் திறந்திருக்கும். கை டீ ஊற்றும். எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல இருக்கும். கிளாஸ் நிரம்பி, மேசை நிரம்பி, ஒரு டிரைவரின் மடியும் நனைந்த பிறகு, என் வீட்டுக்காரர் என்னைப் பாத்திரம் கழுவ அனுப்பிவிட்டார். எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். எனக்கென்று இருந்தது அந்த டீ அடுப்பு ஒன்றுதான்.

கடைசியில் தருமபுரி ஆஸ்பத்திரிக்கே போனேன். அங்கே கவுன்சிலிங் கொடுத்த மேடம் சின்ன வயசு. "உங்களுக்குப் பைத்தியம் இல்லைங்க. லாரி நின்னுடுச்சின்னு உங்க உடம்புக்கு இன்னும் தெரியல. அதான் சத்தம் கேட்டா மனசு ஒதுங்கிக்குது" என்றார். கண்ணை மூடி, பயமே இல்லாத ஓர் இடத்தை நினைக்கச் சொன்னார்.

நினைத்தேன். அதியமான்கோட்டையில் அம்மா வீடு. கூரைக்கு மேலே புளியமரக் கிளை, எப்போது முறியுமோ. சர்ச். தலைக்கு நேரே மணி. மாட்டுக்கொட்டாய். பாம்பு.

"எங்க இருக்கீங்க?"

"இங்கியேதாங்க மேடம். ஆனா இந்த ஃபேன் ஆடுதுங்க."

மேடம் அண்ணாந்து பார்த்தார். தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

"செரி, அது வேணாம். அந்த மாதிரி ஆவும்போது கண்ணுக்குத் தெரியற அஞ்சு பொருள வாய்விட்டுச் சொல்லுங்க. நாலு பொருளத் தொட்டுப் பாருங்க."

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. டீ போடுகிறவர் எதைச் சத்தமாகச் சொன்னாலும், உள்ளே பரோட்டாக் கல்லில் நிற்கும் என் வீட்டுக்காரர் கேள்வி கேட்காமல் தட்டில் வைத்து நீட்டுவார். மேடத்துக்கு இது தெரியாது. எனக்கு அந்த நேரத்தில் நினைவில்லை.

மறுநாள் சாயங்காலம் கூட்டம் தாங்கவில்லை. "இன்னிக்கு மட்டும் டீ அடுப்புல நில்லு" என்று வீட்டுக்காரர் கூப்பிட்டார். நின்றேன். புஸ்.

"வடை! பன்னு! முட்டை! பிஸ்கட்! வாழப்பழம்!" என்று கத்தினேன்.

ஐந்து தட்டு வந்தது. "யாருக்கு?" என்றார் வீட்டுக்காரர். நான் அதற்குள் தொட ஆரம்பித்திருந்தேன். மேசை, துண்டு, வடிகட்டி. நாலாவதாகக் கையில் சிக்கியது ஒரு டிரைவரின் தோள்.

"அக்கா, நான் எதுவும் கேக்கலியே?"

"நீங்க நாலாவதுங்க."

"அப்டிங்களா" என்று அவர் அசையாமல் நின்றார். வடையையும் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்காரர் வெளியே வந்து நான் ஊற்றிய கிளாஸைக் குனிந்து பார்த்தார். டீ விளிம்பு வரை நின்றிருந்தது, வழியவில்லை. இன்னொரு கிளாஸை என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போனார்.

மறுபடியும் புஸ்.

"வட ரெண்டுதான் இருக்குது!" என்று உள்ளேயிருந்து வீட்டுக்காரர் கத்தினார். "அத வுட்டுட்டு அஞ்சு சொல்லு!"

ரோட்டைப் பார்த்தேன். "லாரி" என்றேன். "நின்னுட்டுது."

"அதெல்லாம் தட்டுல வெக்க முடியாது, வேற சொல்லு!"