அர்ச்சுனன் கொண்டுபோன கோடி

என் அக்காளுக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் விருத்தாம்பாள், பெருமுக்கல்லில் வாக்கப்பட்டவள். இளையவன் அர்ச்சுனன், மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவன். அக்காளும் அத்தானும் போன பிறகு விருத்தாம்பாளுக்குப் பிறந்த வீடு என்றால் அவன் ஒருவன்தான்.

போன ஐப்பசியில் மழை விழுந்து அளத்து வேலை நின்றது. சென்னையிலிருந்து படித்தவர்கள் சிலர் வந்து, பக்கத்து மேட்டில் கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு வீடு கட்டினார்கள். செவ்வாய்க் கிரகத்தில் மனிதர் குடியிருக்க முடியுமா என்று பார்க்க, நான்கு பேர் அறுபது நாள் அதற்குள் அடைந்து கிடக்க வேண்டும். அங்கே மண்ணும் உப்பு மண்ணாம். அதில் கீரை வளர்க்க உப்பு அறிந்த கை வேண்டுமென்று அர்ச்சுனனைச் சேர்த்துக்கொண்டார்கள்.

வழியனுப்ப வந்த விருத்தாம்பாள் சிரித்தாள். "ஏன்டா, நீ உள்ள போய்க் குந்திக்கினா, நான் செத்தா கோடி யாரு கொணாருவா?"

"அறுபது நாளு தாங்க மாட்டியா? நீ என்னைத் தூக்கிட்டுத்தான் போவ, போக்கா."

எங்கள் பக்கம் பெண் செத்தால், உடன்பிறந்தவன் கொண்டுவரும் புதுப்புடவையைப் போர்த்திய பிறகுதான் எடுப்பது. அதுதான் கோடி. நான் சின்னம்மா. நான் போர்த்தினால் அது கோடி ஆகாது.

முப்பதாம் நாளிலிருந்து பதினான்கு நாள் உள்ளே இருப்பவர்களோடு பேச்சே கிடையாது. செவ்வாய் சூரியனுக்கு அந்தப்புறம் போய்விட்டால் பூமியிலிருந்து செய்தி எட்டாதாம், இங்கேயும் அப்படியே நடத்தினார்கள். அந்த நாட்களில்தான், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த விருத்தாம்பாள் அப்படியே சாய்ந்தாள்.

அந்தச் சட்டி வீட்டுக்கு ஓடினேன். வெளியே காவலிருந்த சத்யப்ரியா தன் மேலதிகாரிகளைப் போனில் கேட்டாள். உள்ளே இருப்பவர் உயிருக்கு ஆபத்தென்றால் மட்டுமே கதவு திறக்குமாம். அந்தப் பெண் கண் கலங்கி, "நான் டீ குடிக்கப் போறேன்மா. நீங்க செய்யறத நான் பாக்கல" என்று போய்விட்டாள்.

இரும்புக் கதவை மூன்று மூன்றாகத் தட்டினேன். "டேய் அர்ச்சுனா, அக்கா போயிட்டாடா!" தடித்த சுவர், குரல் நுழையவில்லை. பொழுது சாயுமுன் கோடி இல்லாமலே எடுத்துவிட்டார்கள்.

அறுபதாம் நாள் தாடியோடு சிரித்துக்கொண்டு வந்தான். "அக்கா வரல? சின்னம்மா, ஒரு நாளு யாரோ கதவத் தட்டினாங்க. மத்தவங்க எழுந்துட்டாங்க. செவ்வாயில தட்டறதுக்கு ஏது ஆளு, நம்மள சோதிக்கிறாங்க, குந்துங்கன்னு நான்தான் அடக்கினேன்."

"நான்தான்டா தட்டினேன்."

என் முகத்தைப் பார்த்தான். அக்காளைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

சத்யப்ரியா தேற்றப் பார்த்தாள். "நெஜமா அங்க போறவங்களுக்கும் இதே கதிதாண்ணா. சாவுக்கு வர முடியாது."

"அவங்களால முடியாதும்மா. பெருமுக்கல்லு பஸ்ஸுல அரை மணி."

புடவை எடுத்துக்கொண்டு பெருமுக்கல்லுக்குப் போனான், நானும் கூடப் போனேன். புதைத்த மேடு மழையில் கரைந்திருந்தது. விருத்தாம்பாள் மகள் சரண்யா, "இங்கதான் மாமா" என்று காட்டினாள். விரித்தால் காற்று தூக்கியது. கால்மாட்டில் அவள் கல் வைத்தாள், தலைமாட்டை அவன் கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

"எடுத்தப்புறம் போத்தினா கோடி ஆவுமா சின்னம்மா?"

எங்கள் சனத்தில் அப்படி யாரும் போர்த்தி நான் பார்த்ததில்லை.

"ஆவும்டா" என்றேன்.